துரைசாணிக்கு ஓய்வு

ரயில்வே கேட்டை மூடிவிட்டான். வாழைத்தார் ஏற்றிய அந்த லாரிக்காரன் கொஞ்சம் ஒதுங்கியிருந்தால் தாண்டியிருக்கலாம், கிளம்பும்போது அக்கா மூக்குக்கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டேன் என்று திரும்ப உள்ளே போகாமல் இருந்திருந்தால் தாண்டியிருக்கலாம், நானே கொஞ்சம் மிதித்திருந்தால் தாண்டியிருக்கலாம். எல்லாம் சேர்ந்து என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டன. வேறு எங்கே நின்றாலும் பரவாயில்லை, இந்தக் கேட்டில் நிற்கக் கூடாது என்றுதான் ரயில் நேரமெல்லாம் விசாரித்துக்கொண்டு பத்தேமுக்காலுக்குக் கிளம்பினேன். நேரம் சொன்னவன் பயணிகள் ரயிலுக்குச் சொன்னான், சரக்கு ரயிலுக்கு யார் நேரம் சொல்வார்கள். முன்னால் ஒரு குட்டியானை வண்டி, இரண்டு மோட்டார் சைக்கிள். பின்னால் அதே லாரி வந்து மூக்கை ஒட்டி நின்றுவிட்டது, இனித் திருப்பவும் முடியாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடட்டும். இன்றைக்கு நான் நிறுத்தப்போவதில்லை. பின்சீட்டில் சாராள் அக்கா. கண்ணாடியில் அவள் நெற்றியும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் தெரிகின்றன, அவள் வெளியே பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்திலிருக்கும் காலிச் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முன்னால உக்காரு அக்கா என்றேன், கேட்கவில்லை. முப்பத்தாறு வருடம் இந்தக் காருக்குள் கால் வைக்காதவள் இன்றைக்கு ஏறியதே இதன் கதை முடிவதைக் கண்ணால் பார்க்கத்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு கிலோமீட்டரில் காஜா பாயின் பழைய இரும்புக் கடை. கேஸ் கட்டரோடு ஆளைத் தயாராக வைத்திருக்கிறேன் என்று காலையில் போன் பண்ணினார். மதியச் சாப்பாட்டுக்குள் கூரை தனி, கதவு தனி. முதல் தேதி நான் கேட்டுக்கு அந்தப் பக்கமே இருக்கிற அக்கா வீட்டு மாடி அறைக்குக் குடிபோகிறேன். என் மனைவி லில்லி போய் இரண்டு வருடமாகிறது, பிள்ளை குட்டி இல்லை, நெஞ்சில் ஆபரேஷன் பண்ணின தழும்போடு தனியாகச் சோறு பொங்கித் தின்பதைப் பார்த்து அத்தானும் அக்காவும் கூப்பிட்டார்கள். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். அந்தக் கார் என் காம்பவுண்டுக்குள்ள வரப்படாது, வேற ஒருத்தன் கையிலயும் ஓடப்படாது, உடைச்சிட்டு வா. சரி என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை, இரண்டு கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது.

இதன் பெயரைச் சொன்னால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. சொல்லவும் வேண்டாம். எங்கள் வீட்டில் துரைசாணி. மலையடிவார மில்லை விட்டுக் கப்பலேறின பார்க்கின் துரை 1969இல் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். அப்பா வீவிங் மாஸ்டர் ஞானாபரணம், மில்லுக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் தறிக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள், வீட்டுக்குள் நாங்கள் நிறுத்துவோம். கார் இத்தனூண்டுதான். இரண்டு பேர் சேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். ஆனால் உள்ளே வந்து பார், முன்பலகை முழுக்க வால்நட் மரம், சீட் அசல் தோல், தலைக்கு மேல் படிக்கிற விளக்கு, முன்சீட்டு முதுகுகளில் மடித்து வைத்த இரண்டு மரத்தட்டுகள், இழுத்து விரித்தால் சின்ன மேசை. துரைமார் ஆற்றங்கரையில் காரை நிறுத்திவிட்டு அதில் தேநீர்க் கோப்பை வைத்துக் குடிப்பார்களாம். அப்பா அதில் ஞாயிற்றுக்கிழமை பைபிளும் பாட்டுப் புத்தகமும் வைப்பார். வேறு எதையும் வைக்க விடமாட்டார். அக்கா ஒருதரம் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகும்போது புளியோதரைப் பொட்டலத்தை வைத்து எண்ணெய்க் கறை ஆகிவிட்டது, எத்தனை துடைத்தாலும் மரத்துக்குள் இறங்கிப்போய் ஒரு வட்டம். அதற்காக அவள் ஒரு வாரம் அப்பாவோடு சாப்பிட உட்காரவில்லை, உட்கார விடவில்லை. கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் இது நின்றால் சபையே இரண்டாகப் பிரிந்து பேசும். ராஜா வீட்டு வண்டியை உடம்பு சுருங்கிப் போட்டிருக்கான் என்பார் ஒருவர். சின்ன வண்டிக்குப் பட்டுச்சேலை கட்டி விட்டுருக்கான்வே, உள்ள அதே கஞ்சி இன்ஜின்தான் என்பார் இன்னொருவர். மெக்கானிக் அந்தோணி பாடு தனி. இன்ஜினைக் குறுக்கே படுக்கப் போட்டு அதற்கு அடியிலேயே கியர் பாக்ஸ், கை நுழையாது, ஒரு நட்டைக் கழற்ற அவர் மணிக்கட்டுத் தோலைக் கொடுப்பார், கொடுத்துவிட்டு பார்க்கின் துரையின் பரம்பரையையே இழுப்பார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, மரத்த பாருங்க மாஸ்டர், கண்ணாடில்லா, என்பார். இரண்டும் அவர் வாய்தான். எனக்கும் அப்படித்தான், இந்தத் தோல் வாசனை மூக்கில் ஏறும்போது வயிற்றில் ஒரு பிரியம் வருகிறது, கூடவே குமட்டலும் வருகிறது, இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பெரிய கார் வாங்குறவன் ஊருக்குக் காட்ட வாங்குவான், சின்னக் காருக்குள்ள வால்நட் வைக்கிறவன் தனக்கு வச்சுக்கிறான், அதாம்ல வெள்ளைக்காரன், என்பார் அப்பா. அப்பா தனக்கு வைத்துக்கொண்டார். எங்களுக்கு அதைத் துடைக்கிற வேலை.

சூடு காட்டும் முள் ஏறுகிறது. நடுக்கோட்டைத் தாண்டவில்லை, ஆனால் ஏறுகிறது. வெயில் வேறு. பங்குனி வெயில், மேம்பாலத்துக்கு என்று ஏழு வருடத்துக்கு முன்னால் போட்ட தூண்கள் வானத்தைப் பார்த்துக் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்கின்றன, நிழல்கூட நேராக விழவில்லை. ஓடும்போது சூடு தெரியாது துரைசாணிக்கு. நின்றால் தெரியும். நிறுத்தினால் இன்னும் தெரியும். அப்பாவின் கடைசி இரண்டு வருடத்தில் வந்த வியாதி அது, சூடான இன்ஜினை நிறுத்திவிட்டால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், அப்புறம் சாவியை எத்தனை திருப்பினாலும் அழும், கிளம்பாது. இருபது நிமிடம், அரை மணி நேரம், ஈரத்துணியைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும், அந்தோணிக்குத் தெரியும், அம்மாவுக்குக்கூடத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், ஆனால் துரைசாணிக்கு வியாதி என்று அவர் வாயால் சொல்லமாட்டார். அவருக்கு ஒரு சட்டம் இருந்தது, ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்ஜினை நிறுத்த வேண்டும். பத்தொன்பது வயதில் நான் வண்டி பழகினபோது இதே கேட்டில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பின்னாலிருந்து பிடரியில் ஒன்று விழுந்தது. பெட்ரோல் என்ன உன் மாமனார் வீட்டுக் கிணத்துலயா ஊறுது? அன்றிலிருந்து கேட் தெரிந்ததும் என் கை சாவிக்குப் போகும், யோசிக்க வேண்டியதில்லை, கை போகும். வியாதி வந்த பிறகும் சட்டம் மாறவில்லை. நிறுத்துவோம், கேட் திறக்கும், வண்டி கிளம்பாது, பின்னாலிருக்கிறவன் ஹாரன் அடிப்பான், பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி, என்ன மாஸ்டர், வண்டி நின்னுபோச்சா, என்று கேட்பான். அப்பா அசையமாட்டார். மரத்தட்டை இழுத்து விரிப்பார், பேப்பரை அதன்மேல் விரிப்பார், நின்னு போகல, நிறுத்தியிருக்கோம், இன்ஜின் ஓய்வெடுக்குது, என்பார். அரை மணி நேரம் ஊரே சுற்றிப் போகும், அவர் தலையங்கம் படிப்பார், நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காது சிவக்க உட்கார்ந்திருப்பேன். உலகத்தில் எந்த வீட்டில் இப்படி ஒரு பழக்கம் இருக்கும். காருக்கு வந்த கோளாறை மரியாதையாக மாற்றி அதற்கு ஒரு பெயரும் வைத்துக் குடும்பமே அதற்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தோம். நான் தனியாக ஓட்டிப் போகும்போது மட்டும் கேட்டில் இன்ஜினை நிறுத்தமாட்டேன். அது எனக்கும் துரைசாணிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அப்படியென்றால் நிறுத்தாமல் இருக்க எனக்குத் தெரிந்திருந்தது என்றுதானே ஆகிறது. அங்கேதான் ஒவ்வொரு தடவையும் வந்து மாட்டிக்கொள்கிறேன்.

அன்றைக்கும் இதே வெயில். மதியம் மூன்று மணி இருக்கும், அம்மா கோயிலில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள், ஈஸ்டருக்கு வந்த அக்கா வீட்டில் இருந்தாள். அப்பா சாய்வுநாற்காலியிலிருந்து எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார், பொத்தானைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை, அப்படியே சரிந்தார். நானும் அக்காவும் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம், சின்னக் கார் அல்லவா, கால் மடங்கவில்லை, முழங்கால் மரத்தட்டில் இடித்தது, அந்த நேரத்திலும் தட்டில் கீறல் விழுமே என்று என் மனம் நினைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும், நினைத்தது. அக்கா மடியில் தலை. மிஷன் ஆஸ்பத்திரி கேட்டுக்கு அந்தப் பக்கம். வண்ணார் பாலம் தாண்டினேன், அரிசி மில் தாண்டினேன், கேட் மூடியிருந்தது. அது விதி, அதை யார் மேலும் போட முடியாது, கேட் மூடியிருந்தது. நான் நின்றேன். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது. சரக்கு ரயில் ஒன்று, அதற்குப் பின்னால் எதிர்த்திசையில் ஒரு பாசஞ்சர். கேட் திறந்தது. சாவியைத் திருப்பினேன். அழுதது. திருப்பினேன், அழுதது. பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கி வந்து தள்ளினார்கள், துரைசாணி உதறிக்கொண்டு நின்றது. ஒரு ஆள் ஜன்னலில் குனிந்து, வண்டி நின்னுபோச்சா, என்றான். என் வாய் திறக்கவில்லை. ஆமாண்ணே, வண்டி நின்னுபோச்சு, என்று அக்கா பின்னாலிருந்து சொன்னாள். பால் வண்டிக்காரன் ஒருவன் அப்பாவை ஏற்றிக்கொண்டான். கேட் திறந்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை பதினேழு நிமிடம். என் கையில் கடிகாரம் இருந்தது. கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், அம்மா வந்துவிட்டாள், அவர் முடிக்கவில்லை. அக்கா அம்மாவைக் கட்டிக்கொண்டு மறுபடியும் சொன்னாள், வண்டி கழுத்தறுத்துட்டும்மா. அடக்கத்துக்கு வந்த ஊரே அதைச் சொன்னது. அத்தனை ஆசையா வச்சிருந்தாரு, அது அவரையே கொண்டுபோயிட்டு பாத்தீரா. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பொய்யை நான் சொல்லவில்லை, சொன்னவள் அக்கா, நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான், என்று எத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன். அம்மா சாகிறவரை துரைசாணியைச் சபித்தாள், கல்லை எடுத்து ஒருநாள் முன்கண்ணாடியில் எறிந்தாள். நான் புதுக் கண்ணாடி மாட்டினேன். வேலை பார்த்த இடத்திலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் வந்து மேலே தார்ப்பாயைப் போட்டேன், துருவைச் சுரண்டினேன், தோலுக்கு எண்ணெய் தடவினேன், கொலைகாரக் காருக்கு இவன் செய்கிற சேவகத்தைப் பார் என்று ஊர் சிரித்தது. அவர்களுக்கு எப்படித் தெரியும், என் பழியைச் சுமந்துகொண்டு கொட்டிலில் நிற்கிற ஒன்றுக்கு வேறு என்னதான் செய்வது.

அப்பா சொன்னாரா. இதுதான். ஆஃப் பண்ணுல என்று பின்னாலிருந்து ஒரு குரல் எனக்குக் கேட்கிறது, தெளிவாகக் கேட்கிறது, பிடரி சிலிர்க்கிறது, அப்பா குரல்தான். சொல்லியிருந்தால் நான் கீழ்ப்படிந்தேன், அவ்வளவுதான், அவர் சாவு அவர் வாயால் வந்தது. ஆனால் அரிசி மில் திரும்பும்போதே அவர் முனகல் நின்றுவிட்டது என்றும் ஞாபகம் இருக்கிறது. முனக முடியாதவர் எப்படிச் சொல்வார். அப்படியானால் அந்தக் குரல் பத்தொன்பது வயதில் பிடரியில் விழுந்த அடியிலிருந்து வந்த குரல். கை தானாகப் போனது, பழக்கம். பழக்கம் என்றால் மன்னிப்பு உண்டு. ஆனால் தனியாக ஓட்டும்போது அந்தக் கை போகவில்லையே, பழக்கத்தை நிறுத்தி வைக்கத் தெரிந்த கைதானே அது. அப்பா செத்த அந்த வாரம்தான் எனக்கு மஸ்கட்டிலிருந்து வேலைக்கு விசா வந்திருந்தது. அப்பா என் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நீ போயிட்டா என் காரை எவன் ஓட்டுவான், என்றார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவர் போன மூன்றாம் மாதம் நான் மஸ்கட்டில் இருந்தேன். இதைக் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாவியைத் திருப்பின அந்த ஒரு நொடியில் எனக்குள் என்ன இருந்தது, பயமா, கீழ்ப்படிதலா, வேறொன்றா, எத்தனை தடவை உள்ளே போய்த் தேடினாலும் அந்த நொடி காலியாக இருக்கிறது, ஒரு கை, ஒரு சாவி, இன்ஜின் நிற்கிற சத்தம். அப்பா சொன்னாரா என்று தெரிந்தவள் ஒருத்திதான், பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்டால் அவளுக்கும் தெரிந்துவிடும். நிறுத்தினது நான் என்று அவளுக்குத் தெரியாது, அப்பா முகத்தைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கார் தானாக நின்றது என்றுதான் இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருக்கிறாள், அந்த நம்பிக்கையில்தான் எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறாள், மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறாள். சொன்னால் அந்த அறை இல்லை. சொல்லாவிட்டால் இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்த வால்நட் பலகையைக் கடப்பாரையால் நெம்புவான், பழியோடு சேர்த்து உடைத்துப்போடுவான், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சட்டைப் பையில் போன் அதிர்கிறது. பார்க்க வேண்டாம், பெங்களூர்க்காரர்தான். இந்த மாதிரிக் கார்களுக்கென்றே போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், போன மாதம் துரைசாணியின் படத்தை அனுப்பிவைத்தேன், ஏன் அனுப்பினேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு முழுக்கச் சண்டை. ஒருவர் எங்கள் அப்பா கல்யாணத்துக்கு இதில்தான் வந்தார் என்று கண்கலங்குகிறார், இன்னொருவர் துருப்பிடித்த தகரத்துக்கு மேல் மரம் ஒட்டிய ஏமாற்று என்கிறார், தண்ணீரில் படகு போகிற மாதிரிப் போகும் என்று ஒருவர், ஆமாம் படகு மாதிரியே மூழ்கும் என்று ஒருவர். கடைசியில் பெங்களூர்க்காரர் தனியாக எழுதினார், சார், உடைக்காதீங்க, லாரி அனுப்புறேன், நான் பார்த்துக்கிறேன். தினமும் எழுதுகிறார். பதில் போடவில்லை. போன் நின்றுவிட்டது. தண்டவாளம் அதிர ஆரம்பிக்கிறது. கேட்டுக்கு அடியில் குனிந்து ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், மீன்கூடைக்காரி ஒருத்தி, சைக்கிளைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு ஒரு தபால்காரர், கேட்காரன் திட்டுகிறான், யாரும் சட்டை செய்யவில்லை. சரக்கு ரயில் வந்துவிட்டது. பெட்டி பெட்டியாக, கணக்கே இல்லாமல், ஒவ்வொரு பெட்டிக்கும் துரைசாணியின் கண்ணாடி தடதடக்கிறது. முள் சிவப்புக்குப் பக்கத்தில். போய்விடு, போய்விடு. கடைசிப் பெட்டியும் போய்விட்டது. கேட் திறக்கவில்லை. கேட்காரன் இரண்டு விரலைக் காட்டுகிறான், இன்னொன்று வருகிறது. அன்றைக்கும் இரண்டு. எனக்குச் சிரிப்பு வருகிறது, அடக்கினால் அழுகை வரும் போலிருக்கிறது. பின்னால் மரம் உரசுகிற சத்தம். கண்ணாடியில் பார்க்கிறேன், அக்கா எதிரிலிருக்கும் தட்டை இழுத்து விரித்திருக்கிறாள். அந்த எண்ணெய் வட்டத்தின்மேல் விரலை வைத்துச் சுற்றிச் சுற்றித் தடவுகிறாள்.

"இது இன்னும் போகலயா?" என்றாள்.

"போகாதுக்கா. மரத்துக்குள்ள இறங்கிட்டு."

"நல்லாத் துடைச்சு வச்சிருக்க." தட்டை மடித்துத் தள்ளினாள். "சூடு ஏறுதுல்லா? நாத்தம் வருது. இன்ஜினை ஆஃப் பண்ணு."

என் கை மடியில் கிடக்கிறது. போகவில்லை. பின்சீட்டில் ஆள் இருக்கும்போது முதல்முறையாகச் சாவிக்குப் போகாமல் கிடக்கிறது. "ஆஃப் பண்ணுல தம்பி" என்கிறாள் மறுபடியும், அப்பாவின் அதே சொல், அதே இடத்திலிருந்து, அவளுக்குத் தெரிந்து சொல்கிறாளா தெரியாமல் சொல்கிறாளா, ஆபரேஷன் தழும்பு இழுக்கிறது, இப்போது சொல்லாவிட்டால் இனிச் சொல்ல இடமில்லை, சாட்சிக்கு இந்தக் காரும் இருக்காது, சொல், சொல்லாதே, மாடி அறை, வெள்ளையடித்த சுவர், தனியாகப் பொங்கின சோறு, சொல்.

"அக்கா. அன்னைக்கு வண்டி நிக்கல. நான்தான் ஆஃப் பண்ணினேன்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உறுமவிட்டான். நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கிளம்பாதுன்னு தெரியும். தெரிஞ்சும் பண்ணினேன். அப்பா சொன்னாவளா அக்கா? ஆஃப் பண்ணுன்னு அப்பா சொன்னாவளா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"அப்பா எங்க சொன்னாவ." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "பாலத்துலயே பேச்சு நின்னுட்டு. பல்லுக் கிட்டிட்டு. கண்ணு மட்டும் தொறந்திருந்துது."

"அப்போ நான் பண்ணினது..."

"பாத்தேன். நீ கேட்டப் பாத்த, கை போச்சு, ஆஃப் பண்ணின. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவளுக்குத் தெரியும். முப்பத்தாறு வருடமாகத் தெரியும். என் முதுகு சீட்டிலிருந்து வழுக்குகிறது, அசல் தோல், வியர்வையில் வழுக்குகிறது.

"அப்போ ஏன்க்கா வண்டி நின்னுபோச்சுன்னு சொன்ன? அந்த ஆள்கிட்ட, அம்மாகிட்ட, எல்லார்கிட்டயும்?"

"வேற என்னத்தச் சொல்ல?" என்றாள். "நீ ஆஃப் பண்ணும்போது வேண்டாம்லன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்லா. எனக்கும் தெரியும்லா அது கிளம்பாதுன்னு. வாய் வரல. கேட் வந்தா இன்ஜின் நிக்கும், அப்பா வண்டியில அப்படித்தான், அதுக்கு மேல எனக்குப் புத்தி போகல. அப்பா தலை என் மடியில கிடக்கு, நானும் இன்ஜின் ஓய்வெடுக்கட்டும்னு உக்காந்திருந்தேன்ல. உன்னோட சேத்து நானும்தான் உக்காந்திருந்தேன்."

"அக்கா..."

"அதான் இதை உடைச்சிருவோம்னு சொன்னேன். உன் பேரும் வேண்டாம், என் பேரும் வேண்டாம், எல்லாம் அது மேல கிடக்கட்டும், அதோட போவட்டும்னு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் தம்பி. நீ சும்மா இருந்திருந்தா அது எடுத்துக்கிட்டுப் போயிருக்கும்."

கதவைத் திறக்கிற சத்தம். இந்தக் கதவு மூடும்போது இன்றைக்கும் டப்பென்று சாத்தாது, மெத்தென்று சாத்தும், அப்பாவுக்கு அந்தச் சத்தத்தில் அத்தனை பெருமை. எங்க போற அக்கா, வெயில்ல எங்க போற, என்கிறேன். ஜன்னலருகே வந்து நின்றாள், அறுபத்துமூன்று வயது, நரைத்த முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது, அம்மா முகம் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது.

"காரை யாருக்கு வேணும்னாலும் குடு. எனக்கு இனிப் பாக்க வேண்டாம். முதல் தேதி... இப்ப வராத. நானே சொல்லுதேன், அப்ப வா."

சொல்லமாட்டாள். எனக்குத் தெரியும், அவள் குரலுக்குத் தெரியும். அக்கா என்று கூப்பிடுவதற்குள் குட்டியானையைத் தாண்டிவிட்டாள், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே புகுந்து, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே போனாள், கேட்காரன் கத்தினான், இரண்டு பக்கமும் பார்த்தாள், சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு முதல் தண்டவாளத்தைத் தாண்டினாள், மூட்டுவலிக்காரி, மெதுவாகத்தான் நடந்தாள், இரண்டாவது தண்டவாளத்தைத் தாண்டினாள், அந்தப் பக்கக் கம்பிக்கு அடியில் குனிந்து நிமிர்ந்தாள். ஒரு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தாள். என் கண் என்னை அறியாமல் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கும் அந்தப் பக்கம் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. அப்பாவை இறக்கி நானும் அவளும் தூக்கிக்கொண்டு குனிந்து போயிருக்கலாம், பஸ்காரர்கள் ஆளுக்கு ஒரு கை கொடுத்திருப்பார்கள், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம். முப்பத்தாறு வருடம் சாவியைச் சுற்றியே வந்துகொண்டிருந்தேன், இறங்கி நடக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. வீவிங் மாஸ்டரைக் காரிலிருந்து இறக்கித் தெருவில் தூக்கிக்கொண்டு போவது என்ற ஒன்று எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. ஆட்டோ திரும்பிப் போய்விட்டது.

முள் சிவப்பில் இருக்கிறது. முன்னால் இன்ஜின் மூடியிலிருந்து ஆவி கிளம்புகிறது. பாசஞ்சர் வருகிறது, ஜன்னல்கள், முகங்கள், ஒரு குழந்தை கையாட்டுகிறது, போய்விட்டது. சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது. சத்தமே இல்லை, சூட்டில் இரும்பு மட்டும் எங்கோ டிக் டிக்கென்று சுருங்கிக்கொண்டிருந்தது. கேட் மேலே போனது. மோட்டார் சைக்கிள்கள் போயின, குட்டியானை போனது. பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்தான். சாவியைத் திருப்பினேன், அழுதது. இன்னொரு தடவை திருப்பவில்லை. ஹாரன் நிற்கவில்லை, அதற்குப் பின்னாலிருந்து பஸ்ஸும் சேர்ந்துகொண்டது. லாரிக் கிளீனர் குதித்து ஓடிவந்தான், நாற்பது வயதிருக்கும், தோளில் துண்டு, ஜன்னலில் குனிந்து மரப்பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"என்ன சார், வண்டி நின்னுபோச்சா?"

"இல்ல" என்றேன். "நான்தான் நிறுத்தினேன்."

அவன் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தான். அப்புறம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போனான்.

"எது எப்படியோ சார், நியூட்ரல்ல போடுங்க. ஓரமாத் தள்ளுவோம்."

நியூட்ரலில் போட்டேன்.